வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்

மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் எங்கள் எதிர்வீட்டுப் பெண் இப்போது பிரான்சில், பள்ளியொன்றில் ஆங்கில உதவியாளர். நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு படித்தாள். அங்கே போய் ஆங்கிலம் பேசிக் காட்டுகிறாள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம் வேலை. "வாரத்துக்கா, நாளைக்கா?" என்று அவள் அப்பா மூன்று தடவை கேட்டார். மணலியில் ஷிப்ட் பார்ப்பவர். ரிலீவர் வராத நாளில் பதினாறு மணி நேரம் நிற்பார்.

லீவுக் கணக்கு இன்னும் மோசம். ஆறேழு வாரம் பள்ளி, இரண்டு வாரம் விடுமுறை. முதல் லீவு கல்லறைத் திருநாளை ஒட்டி. காசிமேடு கல்லறையில் பூப்போட்டு மெழுகுவத்தி ஏற்றி நம்மவர்கள் ஒரே சாயங்காலத்தில் முடிப்பதற்கு அவர்களுக்குப் பதினைந்து நாள் தேவைப்படுகிறது. அந்தத் துக்கத்தில் இவள் பார்சிலோனா போய் வந்தாள். கிறிஸ்துமஸுக்கு ஸ்திராஸ்பூர், 1570 முதல் நடக்கிற சந்தையாம். கூடத் தங்கியிருக்கும் அமெரிக்கப் பெண்ணுக்கும் இதே வேலைதான். மளிகைச் சீட்டில் டிக் அடிப்பதுபோல நாடுகளை அடித்துக்கொண்டே போகிறாள்.

எதிர்வீட்டு அம்மாவும் சளைத்தவர் இல்லை. போன ஞாயிறு திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்கக் கிளம்பினார். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ முக்கால் மணி நேரம் நின்றது. அங்கிருந்தே வீடியோ கால்.

"எங்கம்மா இருக்க? பின்னாடி கலர் கலரா என்னது?"

"நானும் டூர்லதான்டி இருக்கேன்."