லெப்பையின் வெற்றிலையும் பதினேழு அறைகளும்

ஹார்ட் டிஸ்க்கை முடுக்கிவிடும் மென்பொருள்களைப் பற்றி உலகத்தார் எழுதிக் குவித்ததில் கிழக்கிலங்கைக் கல்முனையின் பங்கு எங்கும் பதிவாகவில்லை. இந்தப் பெரும் அநீதியைத் துடைப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக் களம் மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை. தரவாளர்கள் மூவர், அவர்களில் ஒருவர் பேட்டியின் நடுவில் அஸர் தொழப் போனவர், மறுகா வரவேயில்லை. நேரத்தை அளக்கப் பிளேன்டி, அதாவது பால் விடாத தேநீர்க் கோப்பை பயன்பட்டது. ஒரு கோப்பையை ஊதி ஊதிக் குடித்து முடிக்கும் காலம் ஒரு பிளேன்டி. ஆய்வு நடந்த கணினிக் கடையில் மணிக்கூடு இருந்தது, ஓடவில்லை.

முதலில் சொல்லாராய்ச்சி. அது இல்லாத ஆய்வை யார் மதிப்பார்கள்? டிஸ்க் என்றால் வட்டு. நம் பக்கத்தில் வயல்வெளித் தொகுதிக்கு வட்டை என்று பேர். வட்டைக்குப் பொறுப்பானவர் வட்டவிதானை; யாருடைய வரம்புக்குள் எப்போது தண்ணீர் பாய வேண்டும் என்று முறை வைப்பவர். வட்டில் எந்த அறையை (செக்டரை) எப்போது வாசிப்பது என்று முறை வைப்பது கன்ட்ரோலர். ஆகவே கன்ட்ரோலர் என்பது வட்டவிதானைக்கு வெள்ளைக்காரன் வைத்த பேரே என்பது என் துணிபு. மொழியியல் படித்த மச்சான் ஒருவர் இதை ஒப்பவில்லை. அவருக்கு வயலும் இல்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். 1983 மார்ச்சில் ஐபிஎம் கொண்டுவந்த பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் டிஸ்க்குடன் வந்தது. இன்றைய கைப்பேசியில் எடுத்த மூன்று நான்கு படங்களோடு அது நிரம்பிவிடும். சீகேட்டின் எஸ்டி-412 அந்தக் காலத்து வட்டுகளுக்கு நல்ல மாதிரி: 306 வளையங்கள், நான்கு முகங்கள், சுற்றுப்பாதை ஒன்றுக்கு 17 அறைகள், அறைக்கு 512 பைட். நிமிடத்துக்கு 3,600 தடவை கிறுகும். கிறுகும் என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். சுழலும் என்று எழுதினால் எங்கள் கடைக்காரக் காக்காவுக்கு (காக்கா என்றால் அண்ணன்) புரியாது. ஓர் அறை வாசிக்கும் தலையைக் கடக்க ஒரு மில்லி விநாடியும் ஆகாது. நோய் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நோயை விளங்க, ஓதப் போன நாட்களை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். பாயில் வட்டமாக 17 பிள்ளைகள். ஓதிக்கொடுக்கும் லெப்பை ஓரிடத்தில் அசையாமல் இருக்கிறார், பிள்ளைகளின் வட்டம் அவரைக் கடந்து கிறுகிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (நிஜத்தில் எவனாலும் அசைய முடியாது. பிரம்பு இருந்தது.) முதற்பிள்ளை ஓதுகிறான். லெப்பை கேட்கிறார், தலையாட்டுகிறார், வெற்றிலையை மெல்லத் தொடங்குகிறார். மென்று துப்பிவிட்டு "அடுத்தவன்" என்று நிமிர்கையில் இரண்டாம் பிள்ளை கடந்து போயிருப்பான். இனி முழு வட்டமும் கிறுகினால்தான் அவன் முகத்தைப் பார்க்கலாம். மூன்றாம் பிள்ளைக்கும் இதே கதி. 17 பிள்ளைகளையும் கேட்டு முடிக்க 17 சுற்று.

பிள்ளைகளின் மேல் குற்றமில்லை. லெப்பையை வெற்றிலையை விடச் சொல்வது நடக்காத காரியம். அன்றைய கன்ட்ரோலரும் அப்படித்தான்: ஓர் அறையை வாசித்துக் கணினியிடம் ஒப்படைத்து மூச்சு வாங்க அதற்கு அவகாசம் வேண்டும். ஆகவே இரண்டாம் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தாமல் ஆறு இடம் தள்ளி இருத்தினார்கள். எக்ஸ்டியில் வட்டம் இப்படி அமைந்தது: 1, 4, 7, 10, 13, 16, 2, 5, 8, 11, 14, 17, 3, 6, 9, 12, 15. லெப்பை மென்று நிமிர்கையில் சரியாக அடுத்தவன் முன்னால் வருவான். ஆறு சுற்றில் அத்தனை பேரும் ஓதி முடிப்பார்கள்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். வரிசையாக இருத்தினால் விநாடிக்கு 30,720 பைட். ஆறு தள்ளி இருத்தினால் 87,040. ஐந்து தள்ளியும் லெப்பை சமாளிப்பார் என்றால் 1,04,448. சதம் செலவில்லாமல் ஐந்தில் ஒரு பங்கு லாபம். ஆனால் அவர் சமாளிக்க மாட்டார் என்றால், அந்த ஓர் இடத்தை நெருக்கிய குற்றத்துக்கு மீண்டும் அதலபாதாளம். முழு வட்டையும் வாசிக்க நல்ல அமைப்பில் இரண்டு நிமிடம், அதாவது அரைப் பிளேன்டியும் இல்லை. கெட்ட அமைப்பில் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு பிளேன்டி தாராளம். முடுக்கல் என்ற கலை முழுவதும் லெப்பையின் வெற்றிலை மெல்லும் நேரத்தை அளப்பதுதான். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அளந்தபின் பிள்ளைகளை எழுப்பி மாற்றி இருத்த வேண்டுமே, அதுதான் வில்லங்கம். பழைய முறை டொஸ்ஸில் டிபக்கைத் திறந்து ஜி=சி800:5 என்று ஓதுவது. சில கன்ட்ரோலர்களில் அந்த இசிம் பலிக்கும். பாயைச் சுருட்டிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாய் விரிக்கும். வட்டில் இருந்த அத்தனையும் போகும். இந்த இடத்தில்தான் அமெரிக்காவில் ஸ்டீவ் கிப்சன் என்பவர் புகுந்தார். இன்ஃபோவேர்ல்ட் பத்திரிகையில் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர். 1980களின் பிற்பகுதியில் அவர் விற்ற ஸ்பின்ரைட் ஒரு பாதையை நினைவகத்துக்கு எடுத்து, அந்தப் பாதையை மட்டும் புதிய வரிசையில் அமைத்து, எடுத்ததைத் திரும்ப எழுதி, அடுத்த பாதைக்கு நகரும். பிள்ளைகள் ஓதுவதை நிறுத்தாமலே இடம் மாறிவிடுவார்கள். அசெம்ப்ளி மொழியில் எழுதிய சின்ன மென்பொருள். இதை வியக்காதவர் இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நம் கரைக்கு இந்த வைத்தியம் பொருந்துமா என்பது தனிக்கேள்வி. அந்தக் காலத்துப் பல வட்டுகளில் தலையை நகர்த்தியது படிப்படியாக அடியெடுக்கும் மோட்டார். சூட்டில் உலோகம் விரியும், தலை தன் பாதையை விட்டு ஒரு மயிரிழை விலகும். ஆகவே அரை மணி ஓடவிட்டுச் சூடேறிய பின்னரே வட்டை அமைக்க வேண்டும் என்பது தொழில் மரபு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்களுக்கு அந்த அரை மணி தேவையே இல்லை. சுவிட்சைப் போடுமுன்பே வட்டு சூடாகத்தான் இருக்கும். ஆனால் மத்தியானத்தில் அமைத்த வட்டு சுபஹுக்குப் பின் குளிரில் எழும்ப மறுக்கலாம். மின்சாரம் இன்னொரு சங்கதி. 1996இல் மழை பொய்த்து நாடெங்கும் மின்வெட்டு நடந்தபோது, பாதை நினைவகத்தில் இருக்கையில் கரன்ட் போனால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்று நான் கேட்டேன். காக்கா மேலே கையைக் காட்டினார். அவர் காட்டியது மின்விசிறியையா, அதற்கும் மேலேயா என்பது இன்றுவரை தீரவில்லை.

இவ்வாய்வின் மையப் புதிர் இனித்தான் வருகிறது. எங்கள் ஊர்ப் பயிற்சி நிலையங்களிலும் கடைகளிலும் நான் கணினியைத் தொட்ட தொண்ணூறுகளின் நடுவில், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவாகிக்கொண்டிருந்த நாட்களில், வந்திறங்கியவை 386உம் 486உம். அவற்றின் ஐடிஈ வட்டுகளில் கன்ட்ரோலர் வட்டோடே ஒட்டியிருந்தது. லெப்பை வெற்றிலையை விட்டுவிட்டார். பிள்ளைகள் வரிசையாகவே இருந்து ஒரே சுற்றில் ஓதி முடித்தார்கள். உள்ளே எத்தனை அறை என்பதைக்கூட வட்டு வெளியே உண்மையாகச் சொல்லாது. மாற்றி இருத்த எவராலும் முடியாது, தேவையும் இல்லை. ஆனாலும் காக்கா ஒவ்வொரு கணினிக்கும் முடுக்கல் செய்தார், காசும் வாங்கினார், கணினிக்காரரும் "இப்ப பறக்குது" என்று சொல்லிக்கொண்டு போனார்.

இதற்கு நான் கண்ட விளக்கம் திரையில் இருக்கிறது. 1993இல் டொஸ் 6 உடன் வந்த டிஃப்ராக், சைமன்டெக்கிடம் உரிமம் வாங்கிப் போட்டது. வட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் காட்டி, ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்காக அடுக்கும். அதைப் பார்க்கக் கடையில் ஆள் சேரும். சிதறியதை ஒருவன் பொறுமையாக அடுக்குவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் உண்டு. கரைவலை இழுபடும்போது வேலையில்லாதவர்களும் வந்து நிற்பதைப்போல. மூன்று பிளேன்டி ஓடும். அப்போது ஊரின் கலியாணங்கள், காணி வழக்குகள், நெல் விலை எல்லாம் பேசி முடிந்துவிடும். வேகம் கூடியதா என்று எவரும் அளந்ததில்லை. நான் ஒருமுறை அளக்கப் போனேன். "தம்பி, மறைக்காம நில்லுங்க" என்றார்கள்.

மேம்படுத்தல் வரலாறும் இதையே காட்டுகிறது. இடம் மாற்றும் வேலை செத்தபின் ஸ்பின்ரைட் சாகவில்லை. வாசிக்க முடியாத அறைகளை மீட்பதும், வட்டு முழுவதையும் வாசித்துத் திரும்ப எழுதுவதும் அதன் தொழிலாயின. 6.0 வந்தது 2004இல். அந்த வருட டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையிலிருந்து கொண்டுபோனவற்றைப் பற்றி எழுத இது இடமல்ல. அதற்கு முன் நான் எடுத்து வைத்த குறிப்புகள் இன்று இல்லை என்பதோடு நகர்கிறேன். அடுத்த பதிப்பான 6.1 வந்தது 2024இல். இருபது ஆண்டில் 0.1. இதே வேகத்தில் 7.0 வர இன்னும் 180 ஆண்டு பிடிக்கும். 2204ஆம் ஆண்டில் கடையைத் திறந்து வைக்கும்படி காக்காவின் பேரன்மாரிடம் சொல்லியாயிற்று. 6.0 வாங்கியவர்களுக்கு 6.1 இலவசம். பழைய பயாஸை நம்பாமல் வட்டோடு நேரே பேசுவதால் பெரிய வட்டுகளில் பல மடங்கு வேகம்.

பரிசோதனையை முடித்துவிட என் மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோனேன். அதில் இருப்பது எஸ்எஸ்டி. தட்டும் இல்லை, தலையும் இல்லை. பழைய எஸ்எஸ்டியையும் திரும்ப எழுதினால் வாசிக்கும் வேகம் மீளும் என்று கிப்சன் தரப்பு சொல்வதை எடுத்துச் சொன்னேன். காக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இது கிறுகவே கிறுகாத சாமான்."

"ஓம் காக்கா."

"லெப்பையும் இல்ல, புள்ளைகளும் இல்ல."

"இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தார். வாசலில் நின்ற இருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"ஆனாலும் ஒருக்கா உட்டுப் பாப்பமே," என்று கதிரையை முன்னே இழுத்துப் போட்டுவிட்டு, எதிர்க்கடைப் பக்கம் திரும்பி நாலு பிளேன்டிக்குக் குரல் கொடுத்தார்.