தோட்டம் போச்சு, ஜீப்பு இருக்கு

விடியும் முன்பே தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி ஏறுகிற ஜீப்புகளோடு நமக்கு எந்த வழக்கும் இல்லை. அவை உழைத்துச் சாப்பிடுகின்றன. போடிநாயக்கனூரில் இன்னொரு வகை ஜீப் உண்டு. அது மலை ஏறி ஒரு மாமாங்கம் ஆகியிருக்கும். அதன் சொந்தக்காரரின் அப்பா காலத்தில் மேலே ஏலத்தோட்டம் இருந்தது. பங்கு பிரித்தார்கள், விற்றார்கள், அண்ணன் தம்பி பேச்சும் நின்றது. ஜீப்பை மட்டும் எந்தப் பங்காளியும் கேட்கவில்லை. அதில் இருந்த சூட்சுமம் நம் ஆளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. தனக்குத்தான் வாய்த்தது என்று நினைக்கிறார்.

பால் பண்ணைக்கு, பிள்ளையின் டியூஷனுக்கு, கேஸ் சிலிண்டருக்கு, மாமியாரின் கண் ஆஸ்பத்திரிக்கு எல்லாம் இப்போது அதுதான் வாகனம். 'உங்க கார் எங்கே நிக்குது?' என்று தவறிக்கூடக் கேட்டுவிடாதீர்கள். 1941-இல் அமெரிக்கப் பட்டாளத்துக்காக வில்லிஸ் கம்பெனி செய்ததில் தொடங்கி, மஹிந்திரா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, 1985-இல் எம்எம்540 என்று பேர் வைத்தது வரை சொல்லி முடிக்காமல் விடமாட்டார். 'எஞ்சின் பியூஜோ டிசைனுங்க. 2,112 சிசி டீசல். இன்னைக்கும் நாலு வீலும் இழுக்கும்' என்பார். நாலு வீல் என்பது சரித்திரம். டீசல் குடிக்கிறது என்று முன் சக்கரத்துக்குப் போகும் ஜாயிண்ட் ராடை அவரே கழற்றி, அப்பத்தாவின் கட்டிலுக்கு அடியில் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறார். 'வெள்ளம் வந்தா மாட்டிக்கலாம்.' வெள்ளம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் என்ற நம்பிக்கை.

காலையில் சாவியைத் திருகியதும் கிளம்புவது அவர் கண்ணில் மரியாதை கெட்ட வண்டி. இதற்கு ஹீட்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவர் பெண்டாட்டியிடம் அன்பாகப் பேசுவார். பிறகு எஞ்சின் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அந்த வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவதைச் சண்டை என்று புதுக் குடித்தனக்காரர்கள் நினைக்கிறார்கள். உப்பு வேணுமா என்றுதான் கேட்டிருப்பார்கள்.

செல்ஃப் மோட்டார் நினைத்தால் சுற்றும், இல்லாவிட்டால் இல்லை. அதனால் அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையே சரிவைப் பார்த்து அமைந்தது. வாடகைக்கு வீடு பார்த்தபோது தண்ணீர் வருமா என்று அந்த அம்மா கேட்டார். தெரு எந்தப் பக்கம் இறங்குது என்று இவர் கேட்டார். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் பந்தியைத் தேடும்போது இவர் மேட்டைத் தேடுவார். சரிவு இல்லாத ஊரில் உறவினர் இறந்துபோனால் துக்கம் இரட்டிப்பு.

ஏறி உட்காருவது தனிப் படிப்பு. முன் இருக்கையில் வலது காலை எங்கே வைத்து இடது காலை எப்போது தூக்குவது என்பது புடவை கட்டியவர்களுக்குத்தான் தெரியும். அப்பத்தாவுக்காக ஒரு பிளாஸ்டிக் முக்காலி வண்டியோடு பயணம் செய்கிறது. கோயில் வாசலில் முதலில் முக்காலி இறங்கும், அப்புறம் அப்பத்தா. பின்னால் எதிரெதிர் பெஞ்சுகளில் முட்டிக்கு முட்டி இடித்தபடி சம்பந்திகள் உட்கார்ந்தால், பழைய மனஸ்தாபங்கள் ஒன்று தீரும், இல்லை புதிதாகத் தொடங்கும். மழைக்குப் பக்கத் தார்ப்பாய் உண்டு. அதைப் பட்டன் போட்டு முடிக்கும்போது மழை விட்டிருக்கும். மகளோ பள்ளிக்கூடத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறாள். கூட்டமா இருக்கும்ப்பா, நீங்க திருப்ப முடியாது என்கிறாள். இவர் அதை அக்கறை என்று எடுத்துக்கொள்கிறார்.

பட்டறைக்காரர் அந்த வீட்டின் தாய்மாமன் மாதிரி. எல்லா விசேஷத்துக்கும் முறை உண்டு.

'அண்ணே, பட்டை ஒடிஞ்சிருக்கு. கிராஸும் போச்சு.'

'அன்னைக்குத்தானேடா மாத்துனோம்?'

'அது பின்னாடிண்ணே. இது முன்னாடி.'

கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலோ சென்னை புதுப்பேட்டையிலோ கிடைக்காத ஜீப் சாமான் இல்லை என்பது உண்மைதான். சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஸ்பானரும் சுத்தியலும் தெரிந்தவன் எந்த முக்கிலும் பழுது பார்த்துவிடுவான். இந்த நியாயத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த முக்கிலும் பழுது பார்க்கலாம் என்பதை, எல்லா முக்கிலும் பழுதாக வேண்டும் என்று அந்த வண்டி புரிந்துகொண்டிருக்கிறது.

சர்க்காரும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு, 5 வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏற்றினார்கள். மனுஷன் முகம் சுளிக்கவில்லை. கறுப்புப் பெயின்ட் அடித்து, ஹாரனைச் சரி செய்து, தன் கல்யாணத்துக்குக் கூடப் போடாத இஸ்திரிச் சட்டையோடு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். அன்றைக்கென்று அந்த வண்டி ஒரே திருகில் கிளம்பியது. வீட்டுக்கு அது காட்டாத விசுவாசத்தை இன்ஸ்பெக்டருக்குக் காட்டியதில் அந்த அம்மாவுக்கு இன்னும் கோபம்.

'ஏங்க, ஏசி வச்ச தார் ஒண்ணு வாங்கலாம்ல? அதுவும் ஜீப்புதானே?' என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தார். 'ஜன்னலை மூடிக்கிட்டுப் போறதுக்கு வீட்டுலயே இருக்கலாம்' என்று பதில் வந்தது.

இப்படி ஒரு வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ உத்தேசம் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள், மனிதர்கள் தங்கமானவர்கள். நிச்சயதார்த்தத்துக்குப் போகும்போது மட்டும் பட்டு வேட்டி வேண்டாம், பேன்ட் போட்டுப் போங்கள். வேட்டியோடு ஜீப் தள்ளுவது கஷ்டம்.