அம்பாரி மாற்றும் மாவுத்தர்

"சார், இதுக்குத் தனியா ஒரு ரெப்போ போட்டுடலாம்" என்று எங்கள் சர்வரைக் கவனித்துக்கொள்பவர் நாற்காலியை நம் பக்கம் உருட்டிக்கொண்டு வரும்போதே எழுந்து ஓடிவிட வேண்டும். எங்கே ஓடுவது? மைசூர் ஹெப்பாளில், ஒரு மாடியில், 14 பேர் வேலை பார்க்கும் கம்பெனி. காபி இயந்திரம் வரை ஓடலாம். அங்கே வரிசையில் நமக்கு முன்னால் அவர்தான் நிற்பார்.

14 பேருக்கு 11 ரெப்போ, அதாவது நிரலையும் அதில் செய்த மாற்றங்களையும் சேர்த்துவைக்கும் கிடங்கு. எல்லாம் ரெட்மைன் என்ற, வேலைகளை டிக்கெட் போட்டுப் பின்தொடரும் மென்பொருளில் ஒரே ப்ராஜெக்டின் கீழ். சப்வர்ஷனில் இரண்டு, கிட்டில் ஏழு, "பழகிப் பாக்கலாமே" என்று மெர்குரியலில் ஒன்று. பதினொன்றாவது ரெப்போவே இல்லை; சர்வரில் கிடக்கும் வெறும் ஃபோல்டர். அதையும் ரெப்போவாகக் காட்ட ரெட்மைனில் வசதி இருக்கிறது, என்ன செய்ய. அதற்குள் ஒரு பழைய ஏ.சி. சர்வீஸ் ரசீது இருக்கிறது. எடுத்துவிடலாமே என்றால் "இர்லி பிடி சார்" என்பார். கன்னடத்தில், இருக்கட்டும் விடுங்கள். அவருடைய வேதாந்தம் மொத்தமும் அந்த இரண்டு சொல்லில் அடக்கம். ரெப்போவை நீக்கினால் டிக்கெட்டுகளோடு ஒட்டியிருக்கும் அதன் கமிட்டுகளும், அதாவது மாற்றப் பதிவுகளும், ரெட்மைனிலிருந்து போய்விடும் என்று காரணம் சொல்வார். வாஸ்தவம். ஆனால் ஏ.சி. ரசீது எந்த டிக்கெட்டோடும் ஒட்டவில்லையே!

ஜான்-பிலிப் லாங் 2006-இல் ரெட்மைனை வெளியிட்டபோது ஒரு ப்ராஜெக்டுக்கு ஒரு ரெப்போதான். 2012 ஏப்ரலில் 1.4 பதிப்பு வந்து, எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டது. நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார்கள். மைசூரில் இப்படி ஒருவர் காத்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

புது ரெப்போ சேர்க்கும்போது அதற்கு ஓர் ஐடென்டிஃபையர் கொடுக்க வேண்டும். சேமித்தபின் மாற்ற முடியாது என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே எழுதியிருக்கும். பெற்ற பிள்ளைக்கு வைத்த பெயரைக்கூடக் கெஜட்டில் போட்டு மாற்றிக்கொள்ளலாம். இதற்கு அந்த வழியும் கிடையாது. நம்மவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேசியபடியே பெயர் வைப்பார். 'பேமென்ட்' என்று அடிக்கப்போய் இரண்டு எழுத்து இடம் மாறி 'பேம்நெட்' ஆகிவிட்டது. இப்போது கம்பெனி முழுக்க அதைப் பேம்நெட் என்றுதான் சொல்கிறோம். சென்ற வருஷம் சேர்ந்த பையன் அதை ஏதோ நெட்வொர்க் சமாசாரம் என்று நினைத்து மூன்று மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அந்த டிக்.

பல ரெப்போ இருந்தால் அதில் ஒன்றுக்கு 'மெயின்' என்று டிக் போட்டுக்கொள்ளலாம். ரெப்போ பக்கத்தைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான். டிக்கெட்டிலோ விக்கியிலோ யாராவது வெறுமனே ஆர்-152 என்று எழுதினால், மெயின் ரெப்போவின் 152-ஆம் திருத்தம் என்றுதான் ரெட்மைன் எடுத்துக்கொள்ளும். ஆகவே அந்த டிக், தசரா யானையின் முதுகில் இருக்கும் தங்க அம்பாரி மாதிரி. 750 கிலோ. எந்த யானைக்கு அந்தக் கௌரவம் என்று வனத்துறை தலையைப் பிய்த்துக்கொள்ளும், ஊரே பேசும், மணல் மூட்டை ஏற்றி வாரக்கணக்கில் அரண்மனையிலிருந்து பன்னி மண்டபம் வரை நடத்திப் பழக்குவார்கள். ரெட்மைன் 1.4 வந்த அதே 2012-இல்தான் அம்பாரி பலராமனிடமிருந்து அர்ஜுனனுக்குப் போனது. அர்ஜுனன் 2019 வரை சுமந்தான். 2020-இலிருந்து அபிமன்யு. எண்ணிப் பாருங்கள், இத்தனை வருஷத்தில் இரண்டே மாற்றம்.

எங்கள் மாவுத்தர் போன மாதம் மட்டும் நான்கு முறை மாற்றினார். அதுவும் ஊர்வலம் பாதி வழியில் போய்க்கொண்டிருக்கும்போது.

காலையில் மெயின், பழைய சப்வர்ஷன். பதினோரு மணிக்கு அவருக்கு ஒரு ஞானம் உதிக்கும்: "இப்ப வேலை முழுக்க அந்த இன்னொண்ணுலதானே சார் நடக்குது?" டிக் அங்கே போகும். சப்வர்ஷன் இரண்டுமே 1, 2, 3 என்று எண் போட்டுத் திருத்தங்களை அடுக்குவது. ஆகவே ஆர்-152 இரண்டிலும் உண்டு. ஜி.எஸ்.டி. கணக்கில் எந்த வரியை மாற்றினோம் என்று பழைய டிக்கெட்டில் அழுத்திப் பார்த்த எனக்கு, லோகோவைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திய கதை வந்து நின்றது. மாலையில் டிக்கைக் கிட்டுக்கு மாற்றினார். அதில் அந்த மாதிரி எண்ணே கிடையாதா, ஆர்-152 எல்லாம் சுட்டி என்ற அந்தஸ்தை இழந்து வெறும் எழுத்தாகச் செத்துக் கிடந்தன. எண்ணுக்கு முன்னால் ரெப்போவின் பெயரையும் ஒரு நேர்கோட்டையும் போட்டு எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை. அதையும் அவரே எங்களுக்கு ஒரு மணி நேரம் கூட்டம் போட்டு விளக்கினார், தசராவுக்கு முந்தைய வாரம், வெளியே யானை பார்க்கப் போக வேண்டிய சாயங்காலத்தில்.

கிட் ரெப்போ என்றால் ரெட்மைன் வெளியூருக்குப் போய் எட்டிப் பார்க்காது. அதே சர்வரில் ஒரு பிரதி வைத்து, அதை அவ்வப்போது புதுப்பிக்க, கிரான் என்ற நேர அட்டவணையில் ஒரு வரி எழுத வேண்டும். பிரதி வைப்பார். கிரானை மறப்பார். சில ரெப்போக்களில் உலகம் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. 2022-இல் கிட்காரர்கள், ஃபோல்டருக்குச் சொந்தக்காரர் வேறு யாரோ என்றால் உள்ளே விடமாட்டேன் என்று ஒரு பாதுகாப்புக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். நம்மவர் எல்லாவற்றையும் ரூட்டின் பெயரில் குடிவைத்திருந்தார். ரெட்மைன் வேறு பெயரில் வாடகைக்கு இருந்தது. சர்வரை அப்டேட் செய்த அன்று ஏழு கிட் ரெப்போவும் கதவைச் சாத்திக்கொண்டன. அவர் வீட்டு வாசலிலும் ஐந்து பூட்டும் ஒரு பெரிய சாவிக்கொத்தும் உண்டு என்று கேள்வி.

ஒன்று சொல்லியாக வேண்டும். போன ஜனவரியில் ஒரு வாடிக்கையாளர், எட்டு வருஷத்துக்கு முன் செய்த ரசீது அச்சிடும் நிரல் வேண்டும் என்றார். நாங்கள் அரை நாள் தேடினோம். இவர் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, கண்ணைக்கூடத் திறக்காமல், "அது பேம்நெட்ல இருக்கும் சார், பழைய கிளைல. அன்னைக்கு மழை" என்றார். இருந்தது. கமிட் தேதி ஜூலை; மழை பெய்திருக்கும்தான். 11 ரெப்போவும் அந்தத் தலைக்குள் அறை அறையாக, விளக்கு போட்டு இருக்கின்றன. அன்று அவருக்கு நான்தான் மசாலா தோசை வாங்கிக் கொடுத்தேன்.

தோசை செரித்தபிறகு அந்தக் கமிட்டைத் திறந்து பார்த்தேன். செய்தி என்ற இடத்தில் 'சில்லறை மாற்றம்' என்று மட்டும் இருந்தது. அடுத்ததும் 'சில்லறை மாற்றம்'. அதற்கடுத்ததில் ஒரு புள்ளி.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகிறது. ரெப்போவை ரெட்மைனோடு இணைப்பது எதற்கு? கமிட் செய்தியில் ஒரு சின்னக் குறிச்சொல்லோடு டிக்கெட் எண்ணையும் போட்டால், அந்த மாற்றம் டிக்கெட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். எதற்காக, யார், எப்போது மாற்றினார் என்று ஆறு மாதம் கழித்து வருகிறவன் தெரிந்துகொள்வான். அதற்குத்தான் இத்தனை பிரதி, இத்தனை கிரான், இத்தனை டிக். நாங்கள் 13 பேரும் திட்டு வாங்கி வாங்கி எண் போடப் பழகிவிட்டோம். இவர் மட்டும் இத்தனை வருஷத்தில் ஒரு கமிட்டில்கூட டிக்கெட் எண் போட்டதில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அவர் லீவில் போனால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கேட்டால் தலையில் இருக்கிறது என்பார். அந்தத் தலை ஊட்டியில் இருக்கும், போன் எடுக்காது.

போன வெள்ளிக்கிழமை நேராகவே கேட்டுவிட்டேன். "சார், நீங்களும் டிக்கெட் நம்பர் போடுங்களேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம்தான் வந்தது. "கரெக்ட் சார். மனுஷன்னா மறப்பான். நம்பர் இல்லாத கமிட்டைச் சர்வரே திருப்பி அனுப்பற மாதிரி ஒரு ஹூக் எழுதிடறேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த மனிதரைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று இருந்தது.

"ஆனா அந்த ஹூக்கை எங்க வைக்கிறதுன்னு..." என்றபடி அவருடைய நாற்காலி என் பக்கம் உருள ஆரம்பித்தது. நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.