அன்று பதினாறு, இன்று எட்டு

நாங்கள் ஃபிலிமில் படம் எடுத்த காலத்தில், மதுரையில் எனக்குத் தெரிந்து ஃபிஷ்ஐ லென்ஸ் ஒருவரிடம்தான் இருந்தது. ஸ்டுடியோவில் எல்லாருக்கும் அவர் அண்ணன். லென்ஸ் 16 மி.மீ. நிக்கார். கேட்டால் தயங்காமல் கொடுப்பார். "தம்பி, முன்கண்ணாடி புடைச்சுக்கிட்டு நிக்கும், தூணுல இடிச்சிராத" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்வார். முன்னால் ஃபில்டர் மாட்டிக் காப்பாற்ற வழியில்லாத கண்ணாடி அது.

எந்த லென்ஸ் என்று அன்று குழம்ப வேண்டியதில்லை. 35 மி.மீ. கேமரா எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஃபிலிமில் ஒரு படம் 36-க்கு 24 மில்லிமீட்டர்தான். 16 மி.மீ. ஃபிஷ்ஐ அதில் மூலைக்கு மூலை 180 டிகிரி பார்க்கும். யோசனையெல்லாம் எங்கே நின்று எடுப்பது என்பதில்தான். திருமலை நாயக்கர் மகாலில் சொர்க்க விலாசத்தின் குவிமாடத்துக்கு நேர்கீழே, தரையில் கேமராவை மல்லாக்க வைத்து, டைமரைத் தட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விட வேண்டும். நின்றால் நம் தலையும் படத்தில் வந்துவிடும். ரோலைக் கழுவிப் பார்த்தபோது குவிமாடம் நடுவில் வட்டமாக விழுந்திருந்தது. ஆளை விழுங்கும் அந்தத் தூண்கள் வளையவே இல்லை. நாலாபுறமிருந்தும் நடுப்புள்ளியை நோக்கி நேராக ஓடிவந்தன. படத்தின் நடுப்புள்ளி வழியாகச் செல்லும் கோட்டை ஃபிஷ்ஐ வளைக்காது, விலகிய கோட்டைத்தான் வளைக்கும் என்பதை அந்த ஒரு படம் எனக்குக் கற்றுத்தந்தது. அடிவானத்தை நடுவில் வைத்தால் நேராக நிற்கும், மேலே ஏற்றினால் வில்லாகும். இன்றும் ஃபிஷ்ஐ வாங்கும் பிள்ளைகளுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கைக்கு வந்ததும் அதே 16-ஐ அதில் மாட்டினோம். சென்சார் ஃபிலிமைவிட ஒன்றரை மடங்கு சிறியது. 180 டிகிரி பார்த்த லென்ஸ் நூறைச் சற்றே தாண்டியதோடு நின்றுவிட்டது. ஓரம் லேசாக வளைந்திருந்தது, அந்தப் பரப்பைக் காணோம். அதனால் இன்று லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்கும் முன் பாடிக்குள் இருக்கும் சென்சாரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஃபிலிம் அளவே சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமுக்கு 15 அல்லது 16. சிறிய சென்சார் உள்ள கிராப் பாடியில் சட்டகம் நிறைய வேண்டுமென்றால் 10-க்குப் பக்கத்தில். முழு வட்டப் படம் வேண்டுமென்றால் சிக்மாவின் 4.5 மி.மீ. மாதிரி ஒன்று. பெலாரஸில் செய்த பெலெங் 8 மி.மீ. கிராப் பாடியில் வட்டத்தின் தலையையும் காலையும் வெட்டிவிடும்.

நிக்கான் 2003-இல் கிராப் பாடிக்கென்றே 10.5 மி.மீ. கொண்டுவந்தது. அருமையான லென்ஸ், ஆனால் அதற்குள் மோட்டார் கிடையாது. டி40 போன்ற சிறிய பாடிகளில் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். கையால் திருகுவதுதான் என்றால் கொரியாவின் சாம்யாங் 8 மி.மீ. போதும் என்பது என் முடிவு. அப்பர்ச்சரை 8-இல் வைத்து ஃபோகஸை அரை மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே நிறுத்தினால், ஒரு சாண் தூரத்தைத் தாண்டியதிலிருந்து வானம் வரை எல்லாமே துல்லியம். ஆட்டோஃபோகஸுக்கு அங்கே என்ன வேலை? இன்னொரு காரணம் எனக்குப் பெரியது. பெரும்பாலான ஃபிஷ்ஐகள் ஓரத்தில் இருப்பதை நசுக்கிக் காட்டும். இந்த லென்ஸின் வளைக்கும் முறை வேறு. ஓரத்தில் உருவம் பெரிதாகும், ஆனால் சாயல் கெடாது. கல்யாணப் பந்தியின் கடைசி இலையில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவுக்கும் அவர் முகம் அவர் முகமாகவே விழும்.

நிக்கான் 1962-இல் விற்ற 8 மி.மீ. ஃபிஷ்ஐயை மாட்ட, கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியைத் தூக்கிப் பூட்டியாக வேண்டும். வ்யூஃபைண்டரில் எதுவும் தெரியாது. இன்றைய 8-இல் வ்யூஃபைண்டர் வழியாகவே மண்டபம் முழுக்கத் தெரிகிறது. அப்படியிருந்தும் எங்கள் பையன்கள் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு நேராக்குகிறார்கள். நேராக்கினால் ஓரங்கள் வெட்டுப்படும், மூலைகள் இழுபட்டுத் தெளிவிழக்கும். எதற்காக அந்த லென்ஸை வாங்கினோமோ அதுவே போய்விடும். கோடெல்லாம் நேராக வேண்டும் என்பவர்கள் சாதாரண வைடு லென்ஸ் வாங்கட்டும். அதில் ஃபில்டரும் மாட்டலாம்.