மாப்பிள்ளையை விசாரிச்சியா, வாத்தியாரே?

வா தம்பி, உக்காரு. தே ஓ ஆறிப் போறதுக்குள்ள குடி. இந்தத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பி.ஜே. வாத்தியாரா, அதான் உடற்கல்விக்கு, உன்னை மாத்திப் போட்டிருக்காங்களாமே, சந்தோஷம். பிள்ளைங்களை ஓட விடுறதுதானே வேலை? நீ என்னடான்னா கோயில் வளைவுல, லைன் கிடைக்கிற அந்த ஒரே எடத்துல நின்னுக்கிட்டு, கைப்பேசியை ஆகாசத்துக்குத் தூக்கித் தூக்கிப் பிடிக்கிற. பாத்தவங்க என்னமோ நேத்திக்கடன்னு நெனைச்சுக்கிட்டாங்க.

கேட்டா, "இணையத்துல பயிற்றுத் துணைப்பொருள் தேடுறேன் தாத்தா"ங்கற. அதுவும் சும்மா தேடல, தரம் பிரிக்கிறியாம். தரம் பிரிக்க ஒரு அட்டவணை. அட்டவணையை நிரப்பச் சொல்லிக்குடுக்க ஒரு பட்டறை. பட்டறைக்குப் போனதுக்கு ஒரு சான்றிதழ். சான்றிதழைப் பிடிச்சுக்கிட்டு ஒரு படம். பிள்ளைங்க இன்னும் திடல்ல காலு வைக்கல, அதுக்குள்ள உனக்கு மூச்சு வாங்குது.

அந்த அட்டவணையோட பூர்வீகம் எனக்குத் தெரியும். முழிக்காதே. பேத்தி பட்டணத்துல நூலகத்துறை படிக்கிறா, லீவுல வந்தா வாயை மூட மாட்டா. 2004ல அமெரிக்காவுல, சிக்கோங்கற ஊர்ப் பல்கலைக்கழகத்து நூலகத்துல சாரா பிளேக்ஸ்லீன்னு ஒரு அம்மா அஞ்சு கேள்வி எழுதி வச்சாங்களாம். எப்ப எழுதினது, உனக்குத் தேவைப்படுதா, எழுதினது யாரு, சொன்னது சரியா, எதுக்காகச் சொன்னது. நல்ல கேள்விங்கதான். கைமாத்து கேட்டு வர்ற ஆளுகிட்ட நம்ம லயத்துக் கெழவிங்க கேக்கற கேள்விதான். ஆனா நீ பதிலை எங்க தேடுற? அந்தப் பக்கத்துலயே தேடுற. 'எங்களைப் பற்றி'ன்னு அவனே அவனைப் பத்தி எழுதி வச்சிருப்பான். அதைப் படிச்சுட்டு 'நம்பகமானது'ன்னு டிக் போடுற.

சுங்கை பாலாஸ் பக்கமிருந்து ஒரு வரன் வந்தா, அந்தக் காலத்துல பொண்ணு வீட்டுக்காரன் என்ன செய்வான்? நேரா மாப்பிள்ளை வீட்டுக்குப் போயி "உங்க மகன் நல்லவனா"ன்னு கேப்பானா? கேட்டா தங்கக்கட்டிம்பாங்க. வேற என்ன சொல்லுவாங்க? அவன் பஸ் ஏறி பிரிஞ்சாங்குல இறங்கி, ஒட்டுக்கடையில ஒரு தே வாங்கி, மெள்ள உறிஞ்சுவான். கடன் நோட்டுல மாப்பிள்ளை பேரு எத்தனை பக்கம் போகுதுன்னு ஓரக்கண்ணால பாப்பான். முடி வெட்டுறவரைக் கேப்பான். கொழுந்து லோரிக்காரனைக் கேப்பான். அந்த லோரி ஓட்டினவன் நான்தான், எங்கிட்ட எத்தனை பேரு கேட்டிருக்கான்! எல்லாம் முடிஞ்ச பொறவுதான் மாப்பிள்ளை வீட்டு வாசப்படி. அதுவும் தண்ணி குடிக்கிற சாக்குல.

இதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சாங்க தம்பி, 2017ல. சாம் வைன்பர்க், சாரா மெக்ரூன்னு ரெண்டு பேரு. வரலாற்றுப் பேராசிரியருங்க 10 பேரு, மாணவருங்க 25 பேரு, பத்திரிகைக்கு உண்மை சரிபாக்கிறவங்க 10 பேரு. குழந்தை மருத்துவருங்க சங்கம்னு சொல்லிக்கிற ரெண்டு அமைப்போட பக்கத்தை இவங்க முன்னாடி வச்சாங்க. ஒண்ணு 1930லேருந்து இருக்கிற அமெரிக்கன் அகாடமி, உறுப்பினருங்க 60 ஆயிரத்துக்கு மேல. இன்னொண்ணு, 2002ல அதுலேருந்து கோவிச்சுக்கிட்டுப் பிரிஞ்சுபோன ஒரு சின்னக் கூட்டம். பேரு பாதி ஒண்ணு, பக்கம் ரெண்டும் பளபளப்பு. பேராசிரியருங்களும் மாணவருங்களும் பக்கத்தை மேலேருந்து கீழ படிச்சாங்க. எழுத்து அழகு, முத்திரை அழகு, அடிக்குறிப்பு அழகு. நிறையப் பேரு சின்னக் கூட்டத்தைப் பெரிய சங்கத்துக்குச் சமமா, இல்ல அதுக்கும் மேல நம்பிட்டாங்க. சரிபாக்கிறவங்க மட்டும் உள்ள போன வேகத்துல வெளிய வந்து, 'இவங்களைப் பத்தி ஊரு என்ன சொல்லுது'ன்னு பக்கத்துப் பக்கமா திறந்து பாத்தாங்க. சட்டுனு ஆளைப் பிடிச்சுட்டாங்க. ஒட்டுக்கடையில தே குடிச்சவன் வேலையைத்தான் செஞ்சாங்க. அதுக்குப் பேரு 'பக்கவாட்டு வாசிப்பு'. பேரு வைக்கலேன்னா படிச்சவனுக்குச் சோறு எறங்காது.

உன் சங்கதிக்கு வா. நேத்து ஒரு படத்தை எங்கிட்ட நீட்டின. 'மாணவர் தினம் 10,000 அடி நடக்க வேண்டும்'. கீழ ஒரு ஸ்டெதஸ்கோப்பு படம் வேற. யாரு சொன்னதுன்னு கேட்டேன், "அறிவியல்"ன்ன. எந்த அறிவியல்? அவரு வீடு எங்க இருக்கு? 1964ல டோக்கியோவுல ஒலிம்பிக் நடந்துச்சு. மறுவருஷம் யமாசான்னு ஒரு ஜப்பான் கம்பெனி அடி எண்ணுற கருவி ஒண்ணை வித்துச்சு. அதுக்கு 'மான்போ கெய்'னு பேரு வச்சு, 10,000 அடின்னு ஊரெல்லாம் சொல்ல வச்சது அவன்தான். கருவி விக்கிறவன் சொன்ன கணக்கு, தம்பி! 2019ல ஐ-மின் லீங்கற அம்மா வயசான பொம்பளைங்களை வச்சு ஆராய்ஞ்சப்ப, 7,500 அடிக்கு மேல நடந்தும் ஆயுசுல பெரிய வித்தியாசம் தெரியலேன்னாங்க. அதுவும் பாட்டிங்க கணக்கு, உன் மூணாம் வகுப்புப் பொடிசுக்கு இல்ல. பொடிசுங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னது வேற: 5லேருந்து 17 வயசு வரைக்கும், நாளைக்குச் சராசரி 60 நிமிஷம் நல்லா மூச்சு வாங்க அசையணும். உங்க அப்பாயி கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு இந்தச் சரிவுல ஏறி இறங்கினப்ப எவன் எண்ணினான்? மண்டோர் கூட கொழுந்தைத்தான் நிறுத்தாரு.

இன்னொண்ணு, அந்த 'மூளைப் பொத்தான்'. காறை எலும்புக்குக் கீழ ரெண்டு விரலை வச்சுத் தேய்ச்சா மூளைக்கு ரத்தம் பாயும்னு பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சிருந்தியே, பஜனைக் கூட்டம் மாதிரி. கலிபோர்னியாவுல பால் டென்னிசன்னு ஒருத்தரு கிளப்பிவிட்ட சரக்கு அது, 'பிரெய்ன் ஜிம்'. 2008ல பிரிட்டன்ல நரம்பியல் சங்கத்துக்காரங்களே இதுல அறிவியல் ஆதாரம் இல்லேன்னு கல்வித்துறைகளுக்குக் கடுதாசி போட்டாங்க. பிள்ளை கையைக் காலை ஆட்டினா நல்லதுதான், யாரு வேணாம்னா? நெஞ்சைத் தேய்ச்சாக் கணக்கு வருமா? வந்தா நான் இந்நேரம் கிராணியா ஆயிருப்பேன்.

சரி, ஊரு நல்லவன்னு சொன்ன மாப்பிள்ளையாவே இருக்கட்டும். நம்ம வீட்டுக்கு ஒத்து வரணுமா இல்லையா?

டெலிகிராமுல ஆர்.பி.எச்., அதான் அன்னாடப் பாடத்திட்டம், வாங்கிக்கிறீங்களே, அதைச் சொல்றேன். ஒரு வாத்தியாரு அப்படியே இறக்கி, பேரை மட்டும் மாத்தி, கோப்புல சொருகிட்டாரு. அதுல 'மாணவர்கள் நீச்சல் குளத்தைச் சுற்றி வரிசையாக நிற்பர்'னு இருந்துச்சு. இந்த மலையில குளத்துக்கு எங்க போவாரு? ரிங்லெட்டுல சுல்தான் அபு பக்கார் அணைத் தண்ணிதான் இருக்கு. அதுல பாதி, மேல காய்கறித் தோட்டத்துலேருந்து அடிச்சு வந்த சேறு. பிள்ளைங்களை இறக்கினா சேத்துல நடை பழகலாம், நீச்சல் பழக முடியாது.

நீ காட்டின அந்த வெள்ளைக்காரன் பாடத்தைப் பாத்தேன். ரொம்ப அழகு. மரத்தரை, மேல கூரை, ஆளுக்கொரு பந்து, 'ஆறு ஆறு பேரா நாலு அணி பிரியுங்கள்'. உன் வகுப்புல எத்தனை பேரு? ஏழு. அதுல ஒருத்திக்கு இழுப்பு, குளிர்ல ஓட விடாதேன்னு அவங்கம்மா சொல்லிவிட்டிருக்கு. 150 பிள்ளைக்குக் கீழ இருந்தா 'குறைந்த மாணவர் பள்ளி'ன்னு அமைச்சு கணக்கு வச்சிருக்கு. 30க்கும் கீழ போனா ரெண்டு வகுப்பை ஒண்ணாச் சேத்துருவாங்க. எட்டு வயசும் ஒன்பது வயசும் ஒரே திடல்ல. அந்தத் திடலும் ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கு. முதல் பாஸ்லயே பந்து உருண்டு தேயிலைக்குள்ள போயிரும். செடி இடுப்பளவு, இடைவெளி இல்லாம பின்னிக் கெடக்கும், காலையில எல்லாம் பனி. நீ முழங்காலு நனைய உள்ள பூந்து தேடி எடுத்துட்டு வர்றதுக்குள்ள மணி அடிச்சுரும். பிள்ளைங்க கை தட்டும். அதுங்களுக்கு அதுதான் நல்ல பி.ஜே.

இதுக்கு எந்த அட்டவணையிலடா கட்டம் இருக்கு? 'சரிவுல உருளுமா?'ன்னு எவன் கேக்குறான்?

நான் சொல்றதைக் கேளு. பாடம் நல்ல பாடம்தான், தூக்கிப் போடாதே. பந்தை மாத்து. துணிக்குள்ள பச்சைப்பயறு போட்டுத் தச்ச பையைக் குடு. எறிஞ்ச எடத்துலயே கெடக்கும். மேலேருந்து கீழ எறிய விடாதே, குறுக்கால எறியச் சொல்லு. நாலு அணி வேணாம். காலா பாஞ்சாங் கோடு போடு, நம்ம கிளித்தட்டுதான். மூணு பேரு மறிக்கட்டும், நாலு பேரு தாண்டட்டும், மாத்தி மாத்தி. இழுப்புக்காரப் பிள்ளையைக் கோட்டுல நிறுத்து, அது கையை நீட்டி மறிக்கறதுல கெட்டிக்காரி. மரபு விளையாட்டு உங்க கலைத்திட்டத்துலயே இருக்குதே, படிச்சுப் பாத்தியா? இணையத்துல பாதி உலகத்தைத் தேடின ஆளு, அமைச்சு குடுத்த ஆவணத்தைத் திறக்கவே இல்லை. கேட்டா அமைச்சோட டெலிமா தளத்துக்குக் கடவுச்சொல் மறந்துபோச்சுங்கற. 2020லேருந்து இருக்கு, இன்னுமா ஞாபகம் வரல?

நான் கைப்பேசிக்கு விரோதின்னு நெனைச்சுராதே. லண்டன் பக்கத்துல ஜோ விக்ஸ்னு ஒரு மனுஷன் இருக்காரு, சுருட்டைமுடிக்காரரு. 2020 மார்ச்சுல அங்க பள்ளிக்கூடமெல்லாம் மூடினப்ப, தினம் காலையில வீட்டுக் கூடத்துல நின்னு பிள்ளைங்களுக்குக் குதிக்கச் சொல்லிக்குடுத்தாரு. ரெண்டாம் நாளே 9 லட்சத்து 55 ஆயிரம் பேருக்கு மேல ஒரே நேரத்துல பாத்தாங்கன்னு கின்னஸ்ல ஏறிருச்சு. நான் அவரை நல்லவர்ங்கறது அந்தக் கணக்கை வச்சு இல்ல. அவரு சொல்லிக்குடுத்தது ஒரு பாய் அகலத்துல முடியுது, பந்து வேணாம், கம்பு வேணாம். இங்க மழை பிடிச்சா ரெண்டு மூணு நாள் விடாதுல்ல, அப்ப மேசையை ஓரமாத் தள்ளிட்டு அவரைப் போடு. வெயில் அடிச்ச அன்னிக்கும் அவரையே போட்டுட்டு நாற்காலியில உக்காந்தேன்னு வை, தலைமையாசிரியர் வர்றதுக்கு முன்னாடி நான் வந்துருவேன்.

இப்ப அந்தச் செகாக் வீடியோவை எடு. அதான், 2008லேருந்து நாலாம் வகுப்புக்கும் அதுக்கு மேலயும் வருஷத்துக்கு ரெண்டு தரம் உடல் திடத்தைச் சோதிக்கிறீங்களே. பெட்டி மேல ஏறி இறங்குறது, தண்டால், வயித்துக்கு மடங்கி எழும்பறது, உக்காந்து காலை நீட்டி எட்டித் தொடறது. அந்த ஏறி இறங்குற சோதனையில ஒரு சூட்சுமம் இருக்கு. ஒய்.எம்.சி.ஏ. காரன் பண்ற மூணு நிமிஷச் சோதனையும் அதே ஜாதிதான். 12 அங்குலப் பெட்டி, நிமிஷத்துக்கு 96 தட்டு. ஏற ரெண்டு, இறங்க ரெண்டு, ஆக நிமிஷத்துக்கு 24 தடவை. முடிஞ்ச கையோட நாடியை எண்ணணும். தட்டு வேகமாப் போனா நாடியும் எகிறும், திடமான பிள்ளைக்கும் நோஞ்சான் மார்க்கு விழும். தட்டு மெதுவாப் போனா நோஞ்சான் பயில்வான் ஆயிருவான். எல்லாம் அந்தத் தட்டுலதான் இருக்கு.

நீ எடுத்து வச்சிருக்கற வீடியோவுக்கு லட்சம் பேரு விரல் தூக்கியிருக்காங்க. பின்னால என்னமோ ஒரு குத்துப்பாட்டு. விரல் தூக்கினவன்ல எவனாவது கடிகாரத்தைப் பாத்தானா? நீ பாரு. அமைச்சு வழிகாட்டியில தட்டு எத்தனைன்னு போட்டிருக்கும், அதை ஒரு தாளுல எழுதி வச்சுக்கோ. அப்புறம் வீடியோவைப் போட்டு 15 விநாடி எண்ணு. 96ன்னா 24 தட்டு வரணும். வந்துச்சுன்னா வச்சுக்கோ, யாரு போட்டதா இருந்தாலும் சரி. 30, 32ன்னு ஓடுச்சுன்னா அழிச்சுராதே. பாட்டு நல்லாத்தான் இருக்கு, தையில உங்க அக்கா கல்யாணம் வருதில்ல, அங்க போடு, நானும் ரெண்டு ஆட்டம் ஆடுறேன்.