லாக் சார்

முகூர்த்த நாளில் பில்லிங் நின்றுபோனால் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை முதலாளிகள் இரண்டு பேரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருவர் ஏகாம்பரநாதர். இன்னொருவர் லாக் சார். சீக்கிரம் வருபவர் இரண்டாமவர். மொபெட் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும்.

அவருக்கு வேறு பெயர் உண்டு, யாருக்கும் தெரியாது. நாலைந்து பட்டுக் கடை, ஒரு ஸ்கேன் சென்டர், ஒரு கல்லூரி லேப் என்று மூலையில் தூசி படிந்து ஓடும் லினக்ஸ் சர்வர்களுக்கெல்லாம் அவர்தான் தாய்மாமன். வந்ததும் ‘டிஎஃப்’ என்று தட்டுவார். டிஸ்க் நூறு சதவீதம் என்று வரும். “அப்பவே சொன்னேனே!” என்பார். சொல்லியிருக்கவே மாட்டார்.

ஒருமுறை பில் போடும் தம்பி முந்திக்கொண்டு, சர்வர் தன் நடப்பையெல்லாம் பதியும் லாக் கோப்புகளில் இருப்பதிலேயே பெரியதைத் தேடிப்பிடித்து அழித்துவிட்டான். இடம் ஒரு துளிகூட வரவில்லை. சாருக்கு அன்று திருவிழா. “வாசல்ல பேர்ப்பலகையைக் கழட்டிட்டா உள்ள இருக்கறவன் காலி பண்ணிடுவானா தம்பி?” யூனிக்ஸ் வகையில் கோப்பை அழித்தால் பெயர்தான் போகும். எழுதிக்கொண்டிருக்கும் நிரல் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. அந்த நிரலைத் தட்டி, புதுக் கோப்பில் எழுதச் சொல்ல வேண்டும்.

இந்தத் தட்டும் வேலையையும் சேர்த்துச் செய்யத்தான் ரெட் ஹாட்டில் இருந்த எரிக் ட்ரோவன் 1990-களில் லாக்ரொட்டேட் என்ற சுழற்சி நிரலை எழுதினார். வாரம் ஒரு புது ஏடு. பழசுக்கு 1, 2 என்று எண். நாலுக்கு மேல் போனது குப்பை. இதைச் சொன்னாலே முதலாளிகளுக்கு வயிற்றைக் கலக்கும். தாத்தா காலத்துப் பேரேட்டையே பரணில் வைத்திருப்பவர்கள் அல்லவா! “எதுவும் அழிக்காதீங்க சார், இருந்துட்டுப் போகட்டும்.”

2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்லி உத்தரவிட்டது. சார் அன்றே எல்லாச் சர்வரிலும் நாலு வாரத்தை 26 ஆக்கினார். 182 நாள். இரண்டு நாள் கொசுறு.

சுழற்சியே வெள்ளைக்காரன் சொன்னதில்லை என்பது அவர் கட்சி. பக்கத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்தவர் மூன்றாண்டு கழித்தே மறுபடி வரலாம் என்கிறது. “ரொட்டேட் மூணு!” உவமை கொஞ்சம் இழுவைதான். அவரிடம் யார் சொல்வது?

சொந்தக்காரர் வந்தால் கைலாசநாதர் கோயிலுக்கு அழைத்துப் போவார். அதைக் கட்டிய பல்லவன் ராஜசிம்மனின் பட்டப்பெயர் வரிசையை ஏறிட்டும் பாராமல் நேரே ஒரு தூணிடம் போவார். எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயில் செல்வத்தை எடுக்காமல் இறைவனுக்கே திருப்பித் தந்ததாகக் கன்னடத்தில் வெட்டிவைத்த தூண் அது.

“வெளி ஆள் உள்ள நுழைஞ்சிருக்கான். என்ன பார்த்தான், என்ன விட்டுட்டுப் போனான், எல்லாம் பதிவாகியிருக்கு. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல. கம்ப்ரஸ்கூடப் பண்ணலை!”

கூட வந்த மச்சினர், கோயில் இட்லி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.