மூச்சு விட்ட கதை

34 வருஷ காலம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திரமும் பூகோளமும் போதித்து, கடைசி பெஞ்சில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தவனைக்கூட அக்பருடைய நிலவரி ஏற்பாட்டைக் கேட்டே தீரும்படி செய்த ஒரு மனிதனுக்குத் தன் சுவாசப் பையைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் இருக்குமானால், அதை உலகம் மன்னிக்கத்தான் வேண்டும். போதாக்குறைக்கு, ஓய்வு பெற்ற நாள் முதலாக விடியற்காலையில் பிராணாயாமம் வேறு செய்துவருகிறேன். ஆகையால், மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்த சமயத்தில், மாப்பிள்ளை ஒருநாள் ராத்திரி சாப்பாட்டின்போது, "சனிக்கிழமை சாயந்திரம் இங்கே ஒரு கண்ணாடிப் பட்டறையை ஊர் ஜனங்களுக்குத் திறந்துவிடுகிறார்கள், மாமா, இஷ்டமிருந்தால் நாமே குழாயில் ஊதி ஓர் உருண்டை செய்துகொள்ளலாம்" என்று சொன்னதும், "ஊதுவதுதானே வேலை?" என்று நான் கேட்ட கேள்வியில் தொனித்த அலட்சியத்தை, பின்னால் நடந்ததை உத்தேசித்து, இங்கே ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அன்று முதல் பேத்தியின் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சியிருந்த பலூன்களை வேளைக்கு மூன்றாக ஊதிப் பழகினேன். என் சகதர்மிணி இந்தச் சாதகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் சேர்த்தா பேர் குடுத்திருக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

மகள் வசிப்பது ஒஹாயோ மாகாணத்தின் டொலிடோ நகரத்தில். அதற்குக் கண்ணாடி நகரம் என்றே பெயர். மாஸசூஸெட்ஸ் பக்கத்தில் கண்ணாடித் தொழிற்சாலை நடத்திவந்த எட்வர்ட் லிபி என்பவர், இந்தப் பிரதேசத்தில் எரிவாயுவும் நல்ல மணலும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, 1888-ல் தொழிற்சாலையைப் பெயர்த்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். அவரிடம் வேலை பார்த்த மைக்கேல் ஓவன்ஸ், பத்தாவது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கண்ணாடி உலைக்கு முன்னால் போய் நின்ற பிள்ளை. அவர்தான் 1903 வாக்கில் பாட்டில்களைத் தானாகவே செய்துதள்ளும் இயந்திரத்தை உருவாக்கி, உலகம் முழுவதும் குழாயும் கையுமாக ஊதிக்கொண்டிருந்தவர்களின் வாயை அடைத்தார். பத்து வயதில் பள்ளியை விட்டு ஓடியவன் இப்படி முன்னுக்கு வந்த விருத்தாந்தத்தை, ஓர் உபாத்தியாயர் என்ற முறையில், நான் பேத்திக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் மகள் பட்டறைக்காரர்களின் நிபந்தனைகளைப் படித்துக் காட்டினாள். பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும். நைலான், பாலியெஸ்டர் வகையறாக்கள் அனல் பட்டால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். விரல் தெரியாத ஷூ அணிய வேண்டும். தொங்குகிற துணி எதுவும் கூடாது. டிசம்பர் மாதக் குளிருக்காக நான் கொண்டுபோயிருந்த சட்டை, ஸ்வெட்டர், குல்லாய் இவ்வளவும் ஏதோ ஒரு விகிதத்தில் பெட்ரோலியத்திலிருந்து பிறந்தவை என்பது அப்போதுதான் தெரியவந்தது. காலுக்கோ, காலுறையின் மேல் செருப்பு என்பதே என் சித்தாந்தம். கடைசியில் மாப்பிள்ளையின் பருத்திச் சட்டை ஒன்றையும், என் பாதத்தைக் காட்டிலும் இரண்டு அளவு பெரிதான அவருடைய ஷூவையும் மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். அந்த ஊர்ப் பேஸ்பால் குழுவுக்கு மட் ஹென்ஸ், அதாவது சேற்றுக்கோழிகள், என்று பெயர்; சட்டையின் மார்பில் அந்தக் கோழி மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றது. என் மனைவியோ, அமெரிக்காவுக்கு வந்த தமிழ்நாட்டுத் தாய்மார் யாவரையும் போலவே புடைவைக்குக் கீழே ஏற்கெனவே கான்வாஸ் ஷூ அணிந்திருந்தாள். உடுத்தியிருந்தது மதுரைச் சுங்குடி. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். அவளுடைய ஆயத்தம் அத்துடன் முடிந்தது.

வெளியே உறைபனி, உள்ளே நுழைந்தால் சித்திரை மாதத்துத் தஞ்சாவூர் ஜில்லா. பழைய கிடங்கு ஒன்றைத்தான் பட்டறையாக மாற்றியிருந்தார்கள். ஒரு மூலையில் கிட்டத்தட்ட 1,150 டிகிரி செல்ஷியஸ் உஷ்ணத்தில் கண்ணாடிக் குழம்பை வைத்துக்கொண்டு ராப்பகலாக அணையாத உலை, எங்கள் ஊர் நெல் அரவை மில்லைப் போல உறுமிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில், செய்துகொண்டிருக்கும் பண்டத்தை அவ்வப்போது நுழைத்து மறுபடி சூடேற்றுவதற்காக இன்னொரு வட்டமான வாய். அதற்குக் 'குளோரி ஹோல்' என்று பெயராம். தமிழில் கீர்த்தித் துவாரம் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனையோ எழுத்தாளர்கள் ஆயுசு முழுவதும் தேடியும் அகப்படாத அந்தத் துவாரம் அங்கே கேட்பாரற்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தள்ளுவண்டியில் குழந்தைகளும், கைத்தடியுடன் கிழவர்களும், டோனட்டும் ஆப்பிள் ரசமுமாக அக்கம்பக்கத்து ஜனங்களும் மரப் பெஞ்சிகளில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் வினைஞர்கள் செய்துகாட்டினார்கள். தலைமை வகித்தவள் முழங்கை வரை பச்சை குத்திய ஓர் இளம்பெண். அவள் ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த இரும்புக் குழாயை உலைக்குள் விட்டு, தேனைக் கரண்டியில் சுற்றி எடுப்பதுபோலக் கண்ணாடிக் குழம்பைச் சுற்றி எடுத்து, இரும்பு மேஜையின்மேல் உருட்டி, குழாயின் மறுமுனையில் ஒரே ஒரு சிறு மூச்சு விட்டு, உடனே கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டாள். இவ்வளவுதானா என்று நான் ஏமாற்றமடைவதற்குள், உள்ளே சிறைப்பட்ட காற்று சூட்டினால் தானே விரிந்து, உருண்டைக்குள் ஒரு குமிழி கண் விழிப்பதுபோல் எழுந்தது. அவள் ஊதிய நேரமெல்லாம் சேர்த்துக் கூட்டினாலும் அரை நிமிஷம் தேறாது. ஆனால் குழாயை உருட்டுவதை ஒரு கணம்கூட நிறுத்தவில்லை. நிறுத்தினால் இளகிய கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடுமாம்.

என்னை அதைக் காட்டிலும் பாதித்தது வேறொரு காட்சி. பழைய செய்தித்தாள்களை மடித்துத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு கையகலத் திண்டாக்கி, அந்தத் திண்டை உள்ளங்கையில் ஏந்தி, தகதகவென்று ஜொலிக்கும் கண்ணாடியை அதிலேயே வைத்து உருட்டி உருவம் கொடுக்கிறார்கள்! ஈரம் ஆவியாகி இடையே ஒரு திரைபோல் நிற்பதனால் கை தப்பிக்கிறது. காகிதம் மட்டும் ஓரம் கருகிப் புகைகிறது. பத்திரிகைகளுக்குப் பல வருஷங்களாகக் கட்டுரை எழுதி அனுப்பிவரும் எனக்கு, அச்சிட்ட எழுத்தினால் ஒரு பொருள் உருவாவதைக் கண்ணால் கண்டது அதுவே முதல் தடவை.

நடுவில் இளைப்பாறும் நேரத்தில், ஆப்பிள் ரசம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களுக்குப் பூர்வ கதை சொன்னார். 1962 வரை அமெரிக்காவில் கண்ணாடி ஊதுவது பெரும்பாலும் தொழிற்சாலைச் சமாசாரமாகவே இருந்தது. தனியொரு கலைஞன் சின்ன உலையை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய காரியமல்ல என்பதே பொது அபிப்பிராயம். விஸ்கான்சின் சர்வகலாசாலையில் மட்பாண்டக் கலை போதித்துவந்த ஹார்வி லிட்டில்டன் என்ற பேராசிரியர் அதை மறுத்து, 1962 மார்ச் மாதம் இதே டொலிடோ நகரத்துக் கலை அருங்காட்சியகத்தின் வளாகத்தில் ஒரு கொட்டகையில் உலை மூட்டினார். முதலில் போட்ட கலவை சரியாக உருகாமல் காலை வாரிவிட்டது. டொமினிக் லபினோ என்ற தொழிற்சாலை விஞ்ஞானி, கண்ணாடி இழை செய்வதற்காகத் தயாரிக்கும் கோலிக்குண்டுகளைக் கொண்டுவந்து உருக்கச் சொல்ல, குழம்பு கிடைத்தது. குழம்பு கிடைத்ததே தவிர, கூடியிருந்த கலைஞர்களுக்கு முறையாக ஊதத் தெரியவில்லை. அப்போது, லிபி தொழிற்சாலையில் ஊதி ஊதி ஓய்வு பெற்றிருந்த ஹார்வி லீஃப்கிரீன் என்ற பெரியவர் குழாயை வாங்கி ஊதிக் காட்டினாராம்.

"பார்த்தாயா, ஓய்வு பெற்றவர்!" என்று மனைவியின் பக்கம் திரும்பினேன்.

அவளுக்கு அந்தக் கதையைவிட அடுத்த கதைதான் ரசித்தது. மேற்படி லிட்டில்டனின் தகப்பனார் ஜெஸி லிட்டில்டன், கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் பௌதிக விஞ்ஞானி. 1913-ல் அவருடைய மனைவி பெஸ்ஸி, அடுப்பில் வைத்த புதுப் பாத்திரம் விரிசல் விட்டதில் மனம் நொந்து, "நீங்கள் ஏதோ சூடு தாங்கும் கண்ணாடி செய்கிறீர்களே, அதில் ஒன்று கொண்டுவாருங்கள்" என்று சொல்ல, அவரும் மின்கல ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மாள் அதில் கேக் சுட்டு அனுப்பினாள். கேக் சமச்சீராக வெந்திருந்ததை ருசித்துப் பார்த்த பிற்பாடே அடுப்பங்கரைக்குக் கண்ணாடிப் பாத்திரம் செய்யலாம் என்ற ஞானோதயம் அங்கே ஏற்பட்டு, 1915-ல் பைரெக்ஸ் கடைக்கு வந்தது.

"பாத்திரத்துக்கு அந்த அம்மா பேரையா வெச்சாங்க?" என்றாள் என் மனைவி.

இல்லையென்றேன்.

"அதானே" என்றாள்.

பிறகு எங்கள் முறை வந்தது. வந்தவர்கள் கனமான குழாயைத் தாங்க வேண்டியதில்லை. அதன் முனையில் ஒரு நீண்ட ரப்பர் குழலைப் பொருத்தி, ஹுக்கா பிடிக்கும் ஜமீன்தாரைப் போல ஓரமாக நின்று ஊதினால் போதும். பச்சை குத்திய பெண் குழாயை உருட்டிக்கொண்டே, மெதுவாக ஊதும்படியும், மூச்சு வாங்கும்போது குழலிலிருந்து வாயை எடுத்துவிடும்படியும் இரண்டு தடவை சொன்னாள். மெதுவாக என்று எனக்குச் சொல்வது, யானையைப் பார்த்து நீ கொஞ்சமாகச் சாப்பிடு என்று சொல்வதுபோல் எனக்குப் பட்டது. பேத்தி பார்க்கிறாள், மாப்பிள்ளை புகைப்படம் எடுக்கிறார், மார்பிலே சேற்றுக்கோழி மட்டையை ஓங்கி நிற்கிறது. நாபியிலிருந்து மூச்சை எழுப்பி, கும்பகம் செய்து, 34 வருஷத்து அனுபவத்தையும் திரட்டி ஒரே ஊதாக ஊதினேன்.

மாம்பழம் அளவு இருந்த உருண்டை கண் இமைப்பதற்குள் பூசணிக்காயாயிற்று. பூசணிக்காய் ஒரு பக்கம் புடைத்து, பளபளத்து, ஒரு சின்ன 'பட்' சத்தத்துடன் இல்லாமலே போயிற்று. வெங்காயச் சருகினும் மெல்லிய கண்ணாடித் துகள்கள் பட்டறையின் வெளிச்சத்தில் அந்தரத்தில் மிதந்து, மிகவும் நிதானமாகக் கீழே இறங்கின. குழந்தைகள் கைதட்டினார்கள். நான் இரண்டடி பின்வாங்கினேன், ஷூ பின்வாங்கவில்லை. மாப்பிள்ளை தாங்கிப் பிடித்தார்.

அடுத்து என் மனைவி வந்தாள். ரப்பர் குழலை வாங்கினாளே ஒழிய, ஊதவில்லை. கண்ணாடியையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் சைகை காட்டியும், "இன்னும் பாகு பதம் வரலை" என்று தமிழில் சொல்லிக் கையமர்த்தினாள். கண்ணாடிக்கு இன்ன டிகிரியில் உருகும் என்று கறாரான கணக்குக் கிடையாது. வெல்லப்பாகு போலப் படிப்படியாக இளகி, படிப்படியாக இறுகுவதே அதன் சுபாவம். பிசுக்குப் பதம், கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று அதிரசத்துக்கும் பொருள்விளங்காய் உருண்டைக்கும் பாகு காய்ச்சியே தலை நரைத்தவளுக்கு இதைப் பௌதிக சாஸ்திரம் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. உருண்டை மீண்டும் சூடேறித் திரும்பியதும், உதட்டைக் குவித்து ஓர் ஊது, வாயை எடுத்துவிட்டாள். மறுபடி ஓர் ஊது, வாயை எடுத்துவிட்டாள். மூன்றாவது ஊதில் குழாயின் முனையில் நீலமும் பச்சையும் இழையோடிய ஓர் ஆரஞ்சுப்பழம், மாசு மருவில்லாமல் சுழன்றுகொண்டிருந்தது. அந்தப் பெண் இவளை ஏற இறங்கப் பார்த்து, முன்பே பழக்கம் உண்டா என்று கேட்டாள். மகள் மொழிபெயர்த்தாள்.

"11 பேருக்கு விறகடுப்புல சமைச்சிருக்கேன்னு சொல்லு" என்றாள் இவள். 'ஊதாங்குழல்' என்ற பதத்தை மகளால் இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை. கையினால் ஜாடை காட்டினாள். அந்தப் பெண்ணுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

எனக்குக் கருணை கூர்ந்து இன்னொரு சந்தர்ப்பம் அளித்தார்கள். முதல் அனுபவத்தினால் பீதியடைந்திருந்த நான் இம்முறை ஊதினேனா, பெருமூச்சு விட்டேனா என்பது எனக்கே நிச்சயமில்லை. விளைந்த வஸ்து உருண்டை என்பதைவிடத் திரட்டு என்பதே பொருந்தும். எங்கள் இருவருடைய சிருஷ்டிகளையும் சுமார் 480 டிகிரி சூட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ராத்திரி முழுவதும் சிறுகச் சிறுகச் சூட்டைக் குறைப்பார்களாம். திடீரென்று ஆறவிட்டால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி, உட்புறம் பிந்திச் சுருங்கி, அந்த இழுபறியில் தானாகவே வெடித்துவிடுமாம். 31-ந் தேதி மாலை மாலை போட்டு, 1-ந் தேதி காலை நாற்காலியில் தனியாக உட்காரவைக்கப்படும் உத்தியோகஸ்தர்களுக்கும் அப்படி ஒரு பெட்டியை யாராவது கண்டுபிடித்தால் தேவலை.

ஊர் திரும்பும்போது அவளுடைய ஆரஞ்சுப்பழம் இரண்டு பட்டுப்புடைவைகளுக்கு நடுவே பிரயாணம் செய்தது. என்னுடையது என் காலுறைக்குள் வந்தது. சென்னையில் சுங்க அதிகாரி அதைக் கையில் எடுத்துக் கனம் பார்த்து, "குழவியா சார்? அமெரிக்காவிலிருந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே அவள் பரணில் ஏறச் சொல்லி, காஸ் அடுப்பு வந்த நாளாக அங்கே தூங்கிக்கொண்டிருந்த இரும்பு ஊதாங்குழலை எடுத்துத் தரச் சொன்னாள். கண்ணாடி அலமாரியில் ஆரஞ்சுப்பழத்துக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறாளாம். எடுத்தேன். அடைத்திருக்கிறதா பார்ப்போமே என்று, ஏணியில் நின்றபடியே வாயில் வைத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். முப்பது வருஷத்துச் சாம்பல் முழுவதும் என் தொண்டைக்குள் வந்து இறங்கியது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவள், நான் இருமி ஓயும் வரையில் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "வாயை எடுத்துட்டு மூச்சு வாங்கணும்னு அந்தப் பொண்ணு ரெண்டு தரம் சொல்லிச்சேங்க."